புரோஜெஸ்ட்ரோன் ஒத்துக்கலைனா என்ன பண்றது? காப்ஸ்யூல், டூஃபாஸ்டன், மிரெனா மூணுல எது யாருக்கு

மெனோபாஸுக்கு ஹெச்ஆர்டி, அதாவது குறைஞ்சுபோன ஹார்மோனை மருந்தா எடுத்துக்கற சிகிச்சை, ஆரம்பிச்ச நிறைய பேர் சொல்ற கதை ஒண்ணுதான். ஈஸ்ட்ரோஜன் ஜெல் தடவ ஆரம்பிச்சு கொஞ்ச வாரத்துல ஹாட் ஃப்ளாஷ் அடங்கிடுச்சு, ராத்திரி நைட்டி நனையறது நின்னுடுச்சு, மூட்டு வலி கூட பரவால்ல, எல்லாம் நல்லாத்தான் போச்சு, ஆனா அதோட சேர்த்து குடுத்த அந்த புரோஜெஸ்ட்ரோன் காப்ஸ்யூல் இருக்கே அதைப் போட்டாலே வயிறு உப்பிக்குது, காலைல எழுந்திரிக்க முடியல, மார்பு கனக்குது, புள்ளைங்க ஒரு வார்த்தை சொன்னா அழுகை வருது இல்லன்னா கத்தித் தீர்க்குறேன். இதுக்கு அப்புறம் பாதிப் பேர் செய்யறது என்னன்னா டாக்டர்கிட்ட சொல்லாமலே காப்ஸ்யூலை மட்டும் நிறுத்திட்டு ஜெல்லை மட்டும் தடவிட்டு இருக்கறது. இந்த ஒரு வழியை மட்டும் லிஸ்ட்லயே சேர்க்காதீங்க, மத்த எதை வேணா யோசிக்கலாம்.

ஏன்னா கர்ப்பப்பை இருக்கறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போனா உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும், அதைக் கட்டுக்குள்ள வெக்கத்தான் புரோஜெஸ்ட்ரோன். அமெரிக்காவுல பெப்பினு ஒரு ஆய்வு, 875 பெண்களை வெச்சு 3 வருஷம் பாத்தாங்க, அதுல ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவங்கள்ல சுமார் 34 சதவீதம் பேருக்கு புற்றுநோய் பக்கம் போகக்கூடிய மோசமான வகை தடிப்பு வந்துச்சு, வெறும் டம்மி மாத்திரை எடுத்தவங்களுக்கு 1 சதவீதம்தான். கூடவே புரோஜெஸ்ட்ரோன் எடுத்தவங்களுக்கு அந்தப் பிரச்சனை கிட்டத்தட்ட இல்ல. அதனால காப்ஸ்யூல் தாங்கவே முடியல, டாக்டரைப் பாக்க நாளாகும்னா போன் பண்ணி ஜெல்லையும் சேர்த்து நிறுத்தி வெக்கலாமானு கேளுங்க, ஒண்ணை மட்டும் கழட்டி விடாதீங்க.

கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லாம போகலாம். நம்ம ஊர்ல நாப்பது வயசுக்குள்ளயே ஃபைப்ராய்டு, பெரும்போக்குனு சொல்லி எடுத்துடறாங்க, அவங்களுக்கு பொதுவா ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். மோசமான எண்டோமெட்ரியோசிஸ் (உள்சவ்வு மாதிரி திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது) இருந்தவங்களுக்கு மட்டும் சில சமயம் சேர்த்துக் குடுப்பாங்க. ஆபரேஷன் ஆனவங்க யாருக்காவது புரோஜெஸ்ட்ரோனும் எழுதியிருந்தா "எனக்கு இது எதுக்கு டாக்டர்"னு தாராளமா கேக்கலாம். ஆனா எடுத்தது முழுசாவா, கழுத்துப் பகுதியை விட்டுட்டாங்களானு டிஸ்சார்ஜ் சம்மரில பாத்து வெச்சுக்கிட்டு கேளுங்க.

எதையும் மாத்தறதுக்கு முன்னாடி குற்றவாளி அதுதானான்னு பாக்கணும். மார்பு கனக்கறது, கால் வீக்கம், தலைவலி இதெல்லாம் ஈஸ்ட்ரோஜன் அதிகமானாலும் வரும். மாசத்துல 12 நாள் இல்ல 14 நாள் மட்டும் காப்ஸ்யூல் எடுக்கறவங்களுக்கு கண்டுபிடிக்கறது ஈஸி, தினசரி காலண்டர் தாள்லயே காப்ஸ்யூல் போட்ட நாளுக்கு ஒரு புள்ளி, எரிச்சலான நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டுக்கிட்டே வந்தா ரெண்டு மூணு மாசத்துல தெரிஞ்சுடும், குறியெல்லாம் புள்ளிக்குப் பக்கத்துலயே குவிஞ்சிருந்தா புரோஜெஸ்ட்ரோன்தான், மாசம் பூரா சிதறிக் கிடந்தா வேற எங்கயோ தேடணும், தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பாத்துடறது நல்லது. தினமும் எடுக்கறவங்களுக்கு இந்த வசதி இல்ல, எப்ப ஆரம்பிச்சதுலேருந்து மாறுச்சுனுதான் பாக்க முடியும்.

சரி இப்ப ஆப்ஷன்களுக்கு வருவோம்.

நம்ம ஊர்ல பெரும்பாலும் முதல்ல எழுதறது மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்ட்ரோன், சஸ்டென், நேச்சரோஜெஸ்ட் மாதிரி பேர்ல வர்றது. உடம்புல சுரக்கற அதே ஹார்மோன்தான், பொடிப்பொடியா அரைச்சு எண்ணெய்ல கலந்து காப்ஸ்யூல்ல போட்டது. மெடிக்கல் ஷாப்ல சீட்டை நீட்டுனா அந்தப் பையன் ஒரு தடவை சீட்டைப் பாப்பான், ஒரு தடவை நம்ம நரைச்ச தலையைப் பாப்பான், "மாசமா இருக்கறது யாருக்கா, பொண்ணுக்கா மருமகளுக்கா"னு கேப்பான். கர்ப்பம் தங்கறதுக்குக் குடுக்கற மாத்திரைனுதான் இங்க எல்லாருக்கும் பழக்கம். அவன் கேட்டதுல குழம்பி டாக்டர் தப்பா எழுதிட்டாங்களோனு வாங்காம திரும்பி வந்தவங்களே இருக்காங்க. தப்பு இல்ல, அதே மருந்துதான், வேலைதான் வேற.

ஒரு விஷயம் கவனிக்கணும், இங்க எஸ்ஆர்னு போட்டு மெதுவா கரையற மாத்திரையும் வருது. மெனோபாஸுக்கான பெரிய ஆய்வுகள் நடந்தது எண்ணெய்க் காப்ஸ்யூல்ல, அதனால கடைக்காரர் "அது இல்லக்கா, இது இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்"னு மாத்திக் குடுத்தா வாங்கிடாதீங்க, டாக்டரைக் கேட்டுக்கோங்க. வேர்க்கடலை அலர்ஜி இருக்கறவங்க அட்டையில என்ன எண்ணெய்னு படிச்சுப் பாருங்க, சில பிராண்டுல கடலை எண்ணெய்தான்.

இந்தக் காப்ஸ்யூலோட சைடு எஃபெக்ட் ஏன் வருதுனு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். வாய் வழியா முழுங்கினா அது ஈரலைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகணும், அங்க பெரும்பங்கு உடைஞ்சுடுது, அதுல ஒரு பகுதி அலோபிரெக்னனலோன்ங்கற பொருளா மாறுது, அது மூளையில தூக்க மாத்திரை வேலை செய்யற அதே இடத்துல போய் உக்காருது. அதனாலதான் தூக்கம், மந்தம், தலைசுத்தல். மெனோபாஸ்ல தூக்கம் கெட்டுப் போனவங்களுக்கு இது வரம், நான் அந்தக் கட்சி, ராத்திரி போட்டா காலைல பால்காரர் மணி அடிச்சாத்தான் முழிப்பே. ஆனா கொஞ்சம் பேருக்கு அதே பொருள் தலைகீழா வேலை செஞ்சு எரிச்சல், பதட்டம், அழுகைனு கொண்டுவருது. ஸ்வீடன்ல உமேயோ பல்கலைக்கழகத்துக்காரங்க இதை ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க, அவங்க பாத்ததுல விசித்திரம் என்னன்னா அந்தப் பொருள் ரத்தத்துல நடுத்தர அளவுல இருக்கறப்பதான் மூட் ரொம்பக் கெடுது, அதுக்கு மேல போனா திரும்ப அமைதியாகுது. அதனால டோஸ் குறைச்சா எல்லாம் சரியாயிடும்னு நாமளா ஒரு கணக்குப் போட முடியாது. பீரியட்ஸுக்கு முன்னாடி மூட் ரொம்ப மோசமானவங்க, பிரசவத்துக்கு அப்புறம் டிப்ரஷன் வந்தவங்க இவங்களுக்கு இந்த மாதிரி ஆக வாய்ப்பு கொஞ்சம் அதிகம், டாக்டர் கேக்கலைனாலும் அதை நாமளே சொல்லிடணும்.

மந்தமும் தலைசுத்தலும் மட்டும்தான் பிரச்சனைனா மருந்தையே மாத்த வேண்டாம், நேரத்தை மாத்துங்க. காலைல டிபன் சாப்ட்டு போட்டுட்டு ஸ்கூட்டி எடுத்துட்டு ஆபீஸ் போறவங்க இருக்காங்க, அது ரெண்டு விதத்துல வம்பு, ஏன்னா சாப்பாட்டோட எடுத்தா இந்த மருந்து இன்னும் அதிகமா உள்ள போகும், மந்தமும் அதுக்கேத்த மாதிரி கூடும். ராத்திரி சாப்பாடு எட்டு மணிக்கு முடிச்சுட்டு படுக்கப் போறப்ப போடறதுதான் சரி. அதே ராத்திரி தும்மலுக்கு அவில், செட்ரிசின்னு போட்டா ரெண்டு தூக்கமும் சேர்ந்துக்கும். நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்தா ஒரு நிமிஷம் கட்டில்ல உக்காந்துட்டு அப்புறம் எழுந்திரிங்க, இந்த வயசுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போச்சுன்னா எலும்புக்காக ஹெச்ஆர்டி எடுத்ததுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்.

நேரம் மாத்தியும் முடியலைனா அடுத்தது அதே காப்ஸ்யூலை வாயில போடாம பிறப்புறுப்புக்குள்ள வெக்கறது. இதைச் சொன்னா நம்ம ஆளுங்க முகத்தைத் திருப்பிக்கறாங்க, ஐம்பது வயசுல இதெல்லாம் என்னன்னு. ஆனா மூட் பிரச்சனை, மந்தம் ரெண்டுக்கும் இது நல்ல வழி, ஏன்னா ஈரலைத் தாண்டற வேலை இல்ல, மருந்து கர்ப்பப்பைக்குப் பக்கத்துலயே இறங்குது, மூளைக்குப் போற அந்தப் பொருள் ரொம்பக் குறைவா உருவாகுது. படுக்கறதுக்கு முன்னாடி கையைக் கழுவிட்டு விரலால எவ்வளவு உள்ள தள்ள முடியுமோ தள்ளிட்டுப் படுத்துக்கணும், காலைல எண்ணெய் மாதிரி கொஞ்சம் கசியும், ஒரு மெல்லிசு பேடு வெச்சுக்கிட்டா போதும். அரிப்பு வந்தா சொல்லணும். பல நாட்டுல ஹெச்ஆர்டிக்கு இந்தக் காப்ஸ்யூலுக்கு வாய் வழியாத்தான் லைசன்ஸ், ஆனா ஒத்துக்காதவங்களுக்கு டாக்டர்கள் இப்படி எழுதறது சகஜம். எத்தனை மில்லிகிராம், தினமுமா ஒரு நாள் விட்டு ஒரு நாளாங்கறதை அவங்கதான் சொல்லணும். முழுங்கற காப்ஸ்யூலைத்தான் இப்படி வெக்கணும், மாத்திரையை வெக்காதீங்க.

இதோட சேர்த்து பேச வேண்டியது தினமுமா, மாசத்துல பாதி நாளாங்கறது. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் ஆகாதவங்களுக்கு வழக்கமா 200 மில்லிகிராம் மாசத்துல 12லேருந்து 14 நாள், ஆனவங்களுக்கு 100 மில்லிகிராம் தினமும். பாதி நாள் முறையில கஷ்டமும் பாதி நாள்தான், ஆனா மாசாமாசம் பீரியட்ஸ் மாதிரி ரத்தம் வரும், "நின்னு போச்சுனு நிம்மதியா இருந்தேன், மறுபடியும் பேடு வாங்கணுமா"னு சலிப்பா இருக்கும். தினசரி முறையில ரத்தம் வராது, ஆனா முதல் மூணுலேருந்து ஆறு மாசம் திட்டுத்திட்டா படும். மூட் ஏறி இறங்கறதுதான் பிரச்சனைனா தினமும் ஒரே அளவுல போறது சிலருக்கு செட் ஆகுது, தினமும் போனா தினமும் அழுகைனு ஆகறவங்களும் இருக்காங்க. முயற்சி பண்ணாம சொல்ல முடியாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் எடுத்தா போதாதானு ஒரு கேள்வி எப்பவும் வரும். ஸ்காண்டிநேவியாவுல அதைத்தான் சோதிச்சுப் பாத்தாங்க, உள்சவ்வு தடிக்கறது அதிகமானதால ஆய்வையே பாதியில நிறுத்திட்டாங்க, 1996ல முடிவு வந்துச்சு. ஜெல் அளவைக் கூட்டினாலும் புரோஜெஸ்ட்ரோனையும் பாத்துக் கூட்டணும், அதனால ஹாட் ஃப்ளாஷுக்கு நீங்களா ஒரு பம்ப் அதிகம் போட்டுக்கிட்டா அதை மறைக்காம சொல்லிடுங்க.

இப்ப டூஃபாஸ்டன், அதாவது டைட்ரோஜெஸ்ட்ரோன். என் கருத்துல நம்ம ஊருக்கு ரொம்பப் பொருத்தமான ரெண்டாவது சாய்ஸ் இதுதான். சின்ன வெள்ளை மாத்திரை, 10 மில்லிகிராம், எந்தக் கடையிலயும் கிடைக்கும், அதுக்கும் கடைக்காரப் பையன் மாசமா இருக்கறது யாருனு கேப்பான், பழகிக்கலாம். புரோஜெஸ்ட்ரோனோட வடிவத்தைக் கொஞ்சம் வளைச்சு செஞ்ச மருந்து, அந்த வளைவால உடைஞ்சாலும் அலோபிரெக்னனலோனா மாறாது, அதனால பெரும்பாலும் அந்தத் தூக்கம் வராது, பகல்லயும் போடலாம், ஆனா கொஞ்சம் பேருக்கு லேசா மந்தமோ தலைசுத்தலோ வரலாம், அதைப் பாத்துட்டு வண்டி எடுங்க. என் நாத்தனாருக்கு காப்ஸ்யூல் போட்ட நாள்லாம் வீட்ல யாரும் அவங்க பக்கம் போக முடியாது, டூஃபாஸ்டன் மாத்தினப்புறம் அந்த சிடுசிடுப்பு போயிடுச்சு, வயிறு உப்பறது மட்டும் கொஞ்சம் இருக்கு, அப்பளம், ஊறுகாய், கருவாடுனு உப்பு சேர்ற ஐட்டத்தை அந்த நாள்ல குறைச்சா சமாளிக்கற அளவுக்குத்தான். பிரான்ஸ்ல ஆசிரியைகளை வெச்சு நடத்தின ஈ3என் ஆய்வுல மார்பகப் புற்றுநோய் விஷயத்துல மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்ட்ரோனும் டைட்ரோஜெஸ்ட்ரோனும் மத்த செயற்கை வகைகளை விட நல்லாத்தான் வந்துச்சு. ஆனா தூக்கம் கெட்டவங்களுக்கு இதுல அந்த போனஸ் கிடையாது. அமெரிக்காவுல இருக்கற பொண்ணு வீட்டுக்கு ஆறு மாசம் போறவங்க ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, இந்த மருந்து அங்க விக்கறதே இல்ல, பிரிஸ்கிரிப்ஷனோட இங்கருந்தே எடுத்துட்டுப் போயிடணும்.

பழைய செயற்கை வகைகள் ரெண்டு. மெட்ராக்ஸி புரோஜெஸ்ட்ரோன், மெப்ரேட்னு வரும். 2002ல உலகத்தையே பயமுறுத்தின அமெரிக்க டபிள்யூஹெச்ஐ ஆய்வுல ஈஸ்ட்ரோஜனோட சேர்த்துக் குடுத்தது இதுதான், வருஷத்துக்கு 10,000 பேருக்கு 8 பேர் கணக்குல மார்பகப் புற்றுநோய் கூடுதலா வந்துச்சு. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த கர்ப்பப்பை இல்லாதவங்க பிரிவுல அந்தக் கூடுதல் இல்ல, அதை யாரும் அவ்வளவா பேசல. ரெண்டாவது நாரெதிஸ்டெரோன், ப்ரிமோலுட் என். இது தெரியாத தமிழ்நாட்டுப் பொம்பளைங்க இருக்க முடியாது, வீட்ல கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம்னா பீரியட்ஸைத் தள்ளிப்போட எல்லாரும் போட்டதுதான். அந்தப் பழக்கத்துல வீட்ல மிச்சம் இருக்கற 5 மில்லிகிராம் ஸ்ட்ரிப்பை எடுத்து காப்ஸ்யூலுக்குப் பதிலா போட ஆரம்பிச்சுடாதீங்க, ஹெச்ஆர்டி கூட்டு மாத்திரைகள்ல இதோட அளவு அரை இல்ல ஒரு மில்லிகிராம்தான். ரத்தப்போக்கை அடக்கறதுல கெட்டி, ஆனா முகப்பரு, எண்ணெய் வழியற தலைமுடினு ஆண் ஹார்மோன் சாயல் கொஞ்சம் காட்டும். முதல் ரெண்டும் ஒத்துக்காம, ரத்தப்போக்கும் நிக்காம இருந்தா மட்டும் யோசிக்க வேண்டியதுனு நான் நினைக்கிறேன்.

மிரெனா. கர்ப்பப்பைக்குள்ளயே வெச்சுடற டி வடிவ சாதனம், உள்ள 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல்ங்கற செயற்கை புரோஜெஸ்ட்ரோன், ஆரம்பத்துல தினமும் சுமார் 20 மைக்ரோகிராம் விடும், ஹெச்ஆர்டிக்காகன்னா வழக்கமா 5 வருஷத்துல மாத்துவாங்க. மாத்திரை ஞாபகம் வெச்சுக்க வேண்டாம், ரத்தத்துல கலக்கற மருந்து கொஞ்சம்தான், அதனால வாய் வழியா எதுவுமே ஒத்துக்காதவங்களுக்கு இதுதான் பெரிய கதவு. நாப்பத்தஞ்சு நாப்பத்தெட்டு வயசுல பீரியட்ஸ் தாறுமாறா, கட்டிகட்டியா போறவங்களுக்கு ஒரே கல்லுல ரெண்டு மாங்காய், பெரும்போக்கும் அடங்கும், ஈஸ்ட்ரோஜனுக்குக் காவலும் ஆச்சு, கர்ப்பத்தடையும் ஆச்சு. என் ஸ்கூல் ஃப்ரெண்டு ஒருத்திக்கு கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு ஒரு இடத்துல சொல்லி, இன்னொரு டாக்டரம்மா இதை வெச்சுவிட்டாங்க, அவ இப்ப ஜெல் மட்டும் தடவிட்டு ஜாலியா இருக்கா. குறைன்னா, வெக்கறப்ப வலிக்கும், மெனோபாஸ் ஆகி வருஷங்கள் ஆனவங்களுக்கு கர்ப்பப்பை வாய் சுருங்கியிருக்கறதால இன்னும் கஷ்டம், மரத்துப்போற ஊசி போடுவீங்களானு முன்னாடியே கேளுங்க. முதல் சில மாசம் திட்டுத்திட்டா படும். கொஞ்சம் பேருக்கு இதுலயும் பரு, மூட் மாற்றம் வரும், கர்ப்பப்பையோட நின்னுடும்னு நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. மொத்தமா ஒரே தடவை காசு குடுக்கணும், ஆனா மாசாமாசம் காப்ஸ்யூல் வாங்கற காசை அஞ்சு வருஷத்துக்குக் கணக்குப் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் விலை ஜாஸ்தினு சொல்லுங்க. இதைவிடச் சின்னதா இருக்கற கைலீனா, ஜேடெஸ் மாதிரி சாதனங்கள்ல மருந்து குறைவு, இந்த வேலைக்கு அது கிடையாது.

டிபோலோன்னு ஒரே மாத்திரையில ரெண்டு வேலையும் பாக்கற மருந்து ஒண்ணு இருக்கு. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் ஆனவங்களுக்குத்தான், அறுபது தாண்டினவங்களுக்கு பக்கவாத அபாயம் கூடுதுனு தெரிஞ்சதால அந்த வயசுல வேண்டாம், மார்பகப் புற்றுநோய் வந்தவங்களுக்கும் வேண்டாம்.

ஆன்லைன்ல விக்கற "நேச்சுரல்" புரோஜெஸ்ட்ரோன் க்ரீம், காட்டு வள்ளிக்கிழங்கு க்ரீம் பத்தி ஒரே வரியில சொல்லிடறேன், உள்சவ்வைக் காப்பாத்தற அளவுக்கு தோல் வழியா அது போகாது. கிழங்குலேருந்து புரோஜெஸ்ட்ரோன் செய்ய முடியும்ங்கறது உண்மைதான், 1940கள்ல ரஸ்ஸல் மார்க்கர்ங்கற வேதியியல்காரர் மெக்சிகோ கிழங்கை வெச்சு செஞ்சே காட்டினார், ஆனா அவர் செஞ்சது லேப்ல, நம்ம உடம்புக்கு அந்த வித்தை தெரியாது.

நான் யாருக்காவது சொல்றதா இருந்தா இப்படித்தான் வரிசை போடுவேன். மந்தம்னா நேரம் மாத்து, அப்புறம் உள்ள வெச்சுப் பாரு. எரிச்சல், அழுகைனா நேரா உள்ள வெக்கறதையோ டூஃபாஸ்டனையோ கேளு. பரு, எண்ணெய் முகம்னா நாரெதிஸ்டெரோன்ல இருக்கியானு பாத்து அதை விட்டு வா. வயிறு உப்புசம்னா முதல்ல மலச்சிக்கலைப் பாரு, புரோஜெஸ்ட்ரோன் குடலையே மெதுவாக்கும், பாதி உப்புசம் அதுலயே போயிடும். பெரும்போக்கும் இருந்தா சுத்தி வளைக்காம மிரெனா. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு மாசமாவது டைம் குடு, ஜெல்லையும் மாத்திரையையும் ஒரே வாரத்துல மாத்தினா எது பண்ணுச்சுனு டாக்டருக்கே தெரியாது. எதுவுமே சரிப்பட்டு வரலைனா ஹார்மோனே இல்லாம ஹாட் ஃப்ளாஷை மட்டும் குறைக்கற வென்லாஃபாக்சின், காபாபென்டின் மாதிரி மாத்திரைகளும் இருக்கு, அதுக்குப் போறது தோல்வி ஒண்ணும் இல்ல.

இதுக்கெல்லாம் டைம் குடுக்கக்கூடாத விஷயமும் இருக்கு. வாழ்க்கையே வேண்டாம்னு தோண ஆரம்பிச்சா அன்னைக்கே வீட்ல சொல்லி அன்னைக்கே டாக்டர், ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, மூச்சு வாங்கினா நேரா ஆஸ்பத்திரி. பாதி நாள் முறையில மாசாமாசம் வர்றதைத் தவிர, ஆறு மாசம் தாண்டியும் ரத்தம் பட்டா, இல்ல நின்னு போய் மறுபடி ஆரம்பிச்சா ஸ்கேன் கட்டாயம், "மருந்தோட சூடு"னு வெந்தயம் ஊற வெச்சுக் குடிச்சுட்டு உக்காந்திருக்காதீங்க.

டாக்டர்கிட்ட போறப்ப அந்த காலண்டர் தாளையும் இப்ப போடற ஸ்ட்ரிப்பையும் எடுத்துட்டுப் போங்க, "ஒத்துக்கல டாக்டர்"னு பொதுவா சொன்னா மொத்த ஹெச்ஆர்டியையும் நிறுத்திட்டு கால்சியம் மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிடுவாங்க, "காப்ஸ்யூல் போட்ட மூணாவது நாள்லேருந்து அழுகை வருது, நிறுத்தின ரெண்டு நாள்ல போயிடுது, ஜெல்லால எனக்கு எந்தத் தொந்தரவும் இல்ல, இதையே உள்ள வெச்சுக்கலாமா இல்ல டூஃபாஸ்டன் மாத்தலாமா"னு கேளுங்க.